புனேயிலிருந்து வந்த மகள் அப்பாவைப் பார்த்தாலே அழுகிறாள்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்த் தம்பதி, இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு, காரா (இந்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) வழியாக புனேயில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயது நான்கு மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து அழைத்து வந்து பத்து நாள் ஆகிறது. என் இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. என் கணவர் பக்கத்தில் வந்தாலே வீறிட்டு அழுகிறாள். தட்டில் எவ்வளவு வைத்தாலும் போதும் என்பதில்லை. சப்பாத்தித் துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறாள். இரவில் பலமுறை எழுந்து அலறுகிறாள். விசாவுக்காக மும்பையில் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமா? அடுத்த மாதம் திருச்சியிலிருந்து அம்மா வருகிறார், பெயர் சூட்டு விழாவுக்கு ஹால் பார்த்திருக்கிறோம். இன்னொன்று: இவ்வளவு ஆசைப்பட்டும், சில நேரம் யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தான் இருக்கிறது. என்னிடம் ஏதாவது குறையா?

மருத்துவர் பதில்:

கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். குறை எதுவும் இல்லை. வயிற்றில் சுமந்து பெற்றவர்களிலும் பலருக்குப் பாசம் முதல் நாளே பொங்கி வருவதில்லை. உங்களுக்கோ ஹோம் ஸ்டடி என்ற வீட்டு ஆய்வு, தடையில்லாச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று வருடக்கணக்கில் ஓடிய ஓட்டம் ஒரே நாளில் நின்று, கையில் ஒரு குழந்தை வந்திருக்கிறது. பத்து நாளாகத் தூக்கமும் இல்லை. ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி, ராத்திரி எழுந்து தோளில் போட்டு நடக்கிறீர்களே, பாசம் அதிலிருந்துதான் மெல்ல வரும். ஆனால் தத்தெடுத்த பிறகும் மனச்சோர்வு வருவதுண்டு, இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அங்கே 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இப்போது உங்கள் கணவர். காப்பகங்களில் குழந்தைகளைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். உயரமான, தாடி வைத்த, கனத்த குரலில் பேசும் ஓர் ஆளோடு ஒரே வீட்டில் இருந்த அனுபவம் அவளுக்கு இருந்திருக்காது. அவள் அவரை வெறுக்கவில்லை, பயப்படுகிறாள். அவரிடம் சொல்லுங்கள்: வலியப் போய்த் தூக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து, அவளை நேராக உற்றுப் பார்க்காமல், கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கட்டும். அவள் உங்கள் மடியில் இருக்கும்போதே பால் தம்ளரை அவர் கையால் நீட்டட்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேலை. சில வாரத்தில் பயம் தெளியத் தொடங்கும், சில குழந்தைகளுக்கு மாதங்களும் ஆகும். அதுவரை "அப்பாகிட்ட போ" என்று அவர் கையில் திணித்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடாதீர்கள்.

உங்களைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது எனக்கு நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. கடையில் பார்க்கிற எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் போகும் குழந்தையைப் பார்த்தால்தான் எனக்கு யோசனை வரும். ஊரார் அதை 'எவ்வளவு சமத்து' என்பார்கள். யார் தன்னுடைய ஆள் என்று அந்தக் குழந்தைக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

சாப்பாட்டு விஷயத்தில் பறிக்கவோ, 'போதும்' என்று தட்டை எடுக்கவோ வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று முறை நொறுக்கு, எல்லாம் நேரம் தவறாமல். கைக்கெட்டும் இடத்தில் வாழைப்பழமோ சப்பாத்தியோ வைத்த ஒரு சின்ன டப்பா எப்போதும் இருக்கட்டும். கேட்கும்போதெல்லாம் கிடைக்கும் என்று புரிந்ததும் இந்தப் பதற்றம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். தூங்கும்போது சப்பாத்தித் துண்டு கையில் இருந்தால் பரவாயில்லை, வாயில் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லாமல் அப்படியே விழுங்குகிறாளா என்பதையும் கவனியுங்கள். குழைத்த சாதமும் பால் புட்டியுமாக வளர்ந்த குழந்தைகளுக்கு மென்று தின்னத் தெரியாமல் இருக்கலாம். அதற்கும் பயிற்சி உண்டு.

இரவு அலறல். கூடத்தில் பல குழந்தைகளோடு படுத்துப் பழகியவளுக்கு அமைதியான தனி அறைதான் பயம். போதாததற்கு நேர வித்தியாசம் ஒன்பதரை, பத்தரை மணி நேரம். அவள் கட்டிலை உங்கள் கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள். அழவிட்டுத் தூங்கப் பழக்கும் முறையை அமெரிக்காவில் நிறையப் பேர் சொல்வார்கள். இந்தக் குழந்தைக்கு அது கூடாது. அழுதால் ஆள் வரும் என்பதையே அவள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள்.

சரி, பரிசோதனை. இதில் மட்டும் பொறுமை வேண்டாம். விசாவுக்கு எடுத்த பரிசோதனை குடியேற்றச் சட்டம் கேட்கும் சில நோய்களுக்கானது, முழு உடல் பரிசோதனை அல்ல. வந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது வழிகாட்டல். உங்களுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி, சிபிலிஸ், ரத்த அணுக்கள், இரும்புச்சத்து, தைராய்டு, ஈயம், வைட்டமின் டி, பரம்பரை ரத்தச்சோகை, வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மல மாதிரிகள், கண், காது, பல். பட்டியல் நீளம்தான், ஆனால் ரத்தம் பெரும்பாலும் ஒரே குத்தலில் எடுத்துவிடலாம். ஹெபடைடிஸ், எச்.ஐ.வி சோதனைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம்.

காசநோய்க்கு, இரண்டு வயதைக் கடந்ததால் விசாவுக்கே இக்ரா என்ற ரத்தச் சோதனை எடுத்திருப்பார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நெகட்டிவ் என்றாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுப்பது நல்லது. பாசிட்டிவ் வந்து, "பிறந்ததும் போட்ட பி.சி.ஜி ஊசியால்தான்" என்று யாராவது ஒதுக்கினால் ஏற்காதீர்கள். பி.சி.ஜி ஊசி தோல் சோதனையைக் குழப்பலாம், இக்ராவைக் குழப்பாது.

தடுப்பூசி அட்டை இருந்தாலும் இடைவெளி இருக்கும். இந்திய அரசுத் திட்டத்தில் ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை, முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது என்பதால் அமெரிக்காவில் கணக்கில் சேர்ப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் அந்தத் திட்டத்திலேயே இல்லை. விசாவுக்காகத் தடுப்பூசி விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால், வந்த 30 நாளுக்குள் தொடங்குவதாகவும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

ஹெபடைடிஸ் ஏ சின்னக் குழந்தைகளிடம் அறிகுறியே இல்லாமல் இருந்து பெரியவர்களுக்குத் தொற்றும். முதல் 60 நாளில் அவளோடு நெருங்கிப் பழகுகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும். இந்தியாவில் வளர்ந்த உங்களுக்குச் சிறு வயதிலேயே வந்து போய் எதிர்ப்புச் சக்தி இருக்கலாம், ரத்தம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கேயே பிறந்த நண்பர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

இடுப்பிலோ முதுகிலோ நீலக் கருமைத் திட்டு இருந்தால் அது பிறவித் தடம், நம் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் காட்டிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். டேகேரில் யாராவது அதை அடிபட்ட காயம் என்று நினைத்துப் புகார் செய்தால் வீண் அலைச்சல்.

உயரம், எடை, தலைச் சுற்றளவு மூன்றும் இப்போது வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டில் இருந்தால் பதறாதீர்கள். காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் சுமார் ஒரு மாத உயர வளர்ச்சி பின்தங்கும் என்பது பொதுக் கணக்கு. வீட்டுச் சாப்பாட்டில் மளமளவென்று வளர்வாள். அந்த வேகத்தில் உடலின் இரும்புச்சத்து தீர்ந்துபோகும் என்பதால் அதைச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பின்னாளுக்கு ஒரு குறிப்பு: இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண் குழந்தைகளை ஆராய்ந்ததில் பலர் சீக்கிரமே வயதுக்கு வந்தது தெரிந்தது. எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் காட்டுங்கள்.

பேச்சு இன்னும் சரியாக வரவில்லை என்றால், 'மொழி மாறியதால்தான்' என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். வீட்டில் தாராளமாகத் தமிழே பேசுங்கள். பசி, தண்ணீர், வலி, தூக்கம் இவற்றுக்கு மட்டும் மராத்திச் சொல் நான்கைக் காப்பக ஆயாவிடம் கேட்டு வையுங்கள். பேச்சிலும் வளர்ச்சியிலும் பின்தங்கும் குழந்தைகளுக்கான மாநில அரசின் தொடக்கநிலைப் பயிற்சித் திட்டம் (Early Intervention) மூன்று வயது வரைதான், உங்களுக்கு எட்டு மாதமே பாக்கி. இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

அம்மா தாராளமாக வரட்டும். சமையல், துணி, உங்களுக்குப் பகலில் இரண்டு மணி நேரத் தூக்கம், இதெல்லாம் அவர் பொறுப்பு. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது இவை சில மாதத்துக்கு உங்கள் இருவருக்கு மட்டும். பேத்தியைத் தூக்கக்கூடாதா என்று அம்மாவுக்குக் கோபம் வரும். விமானம் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கண்மை டப்பா கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

ஹாலை மட்டும் ரத்து செய்யுங்கள். மைக்செட்டும், கன்னத்தைக் கிள்ளும் ஐம்பது அறுபது பேரும் இப்போது வேண்டாம். நான்கைந்து மாதம் கழித்து, அவள் அப்பா தோளில் ஏறிக்கொள்ளும் அளவுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் போகட்டும்.