லினக்ஸ் போட்டு முடித்ததும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. இன்ஸ்டாலர் பூட் கோப்புகளை ஒழுங்காக வைக்க என்ன செய்வது?

பென்டிரைவ் சரியில்லை, திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்கள் என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். நான் ஒரே ராத்திரியில் மூன்று முறை பண்ணிப் பார்த்தவன்.

அத்தை மகனின் பழைய லேப்டாப். விண்டோஸை முழுக்க அழித்துவிட்டு டெபியன் என்கிற லினக்ஸைப் போட்டேன். இன்ஸ்டாலர் 'முடிந்தது' என்றது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் அதே மூன்று வார்த்தை. பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். முன்னால் 'யுஇஎஃப்ஐ' (புது வகை பூட் முறை) என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். முதல் தடவை மற்றதை எடுத்தேன், அது என் தப்பு. அடுத்த இரண்டு தடவையும் சரியாகத்தான் எடுத்தேன். அப்போதும் அதே கதை.

அப்புறம்தான் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) நுழைந்து, பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் திறந்து பார்த்தேன். 'டெபியன்' ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது! இன்ஸ்டாலர் கோப்பை வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மதர்போர்டிலும் குறித்து வைக்கும். இந்த லேப்டாப் அந்தக் குறிப்பை ரீஸ்டார்ட் ஆனதும் தொலைத்துவிடுகிறது. குறிப்பு இல்லையென்றால் ஃபர்ம்வேர் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) போய்ப் பார்ப்பது இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் 'பூட்', அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ'. அங்கே ஒன்றுமே இல்லை.

டெபியன் இன்ஸ்டாலரை எக்ஸ்பர்ட் முறையில் ஓட்டினால், 'ரிமூவபிள் மீடியா' பாதையிலும் (மேலே சொன்ன அந்த 'பூட்' ஃபோல்டர்தான்) கிரப்பை, அதாவது லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரலை, போடட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். கோப்பைக் கையால் காப்பி செய்தாலும் ஓடும். ஆனால் கிரப் அப்டேட் ஆகும்போது அந்தப் பிரதி மட்டும் பழசாகவே கிடக்கும்.

'தப்பு ஃபர்ம்வேர் மேல், இன்ஸ்டாலரை ஏன் திட்டுகிறாய்' என்று யாராவது வருவார்கள். நான் திட்டவில்லை. அந்த 'பூட்' ஃபோல்டரில் வேறு சிஸ்டத்தின் கோப்பு இருந்தால் இன்ஸ்டாலர் அதன் மேலேயே எழுதிவிடும், அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்கிறது. விண்டோஸும் கூடவே இருக்கிறதென்றால் யோசித்துச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் மாமா சொன்னது, "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, உனக்கு அரை மணி நேர வேலை." விடிய விடிய உட்கார்ந்தவனுக்கு ஒரு காபி கிடையாது. பொங்கலுக்குப் போனால், கடைக்காரரிடம் 800 ரூபாய் கொடுத்து விண்டோஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். வலது கீழ் மூலையில் மங்கலாக 'ஆக்டிவேட் விண்டோஸ்'. அது ஏன் போகமாட்டேன் என்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறார்.