தோட்டத்துக்குள் டிராக்டர் தடம்: கேள்வியும் பதிலும்

சேர்வராயன் மலையில் காபியும் மிளகும் உள்ள சரிவில் தடம் வெட்டிப் பராமரிப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். இன்ஜினீயர் இல்லை, கெடுத்துக் கற்றவன். பழம் பறித்து முடியும் தை, மாசியில் எல்லோருக்கும் இந்த யோசனை வந்துவிடுகிறது. சேர்ந்துபோன கேள்விகளுக்கு மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர்: மூன்று ஏக்கர் காபி. 24 ஹெச்.பி. ஃபோர் வீல் டிரைவ் சின்ன டிராக்டர் வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு பிளேடு வாங்கி மாட்டினால் 300 அடித் தடத்தை நானே போட்டுவிடலாமா? ஜேசிபி வாடகை கட்டுப்படியாகவில்லை, அண்ணா.

போடலாம், சரிவைப் பொறுத்து. ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: ஜேசிபி ஏழு எட்டு டன். உங்கள் வண்டி ஒரு டன்னைத் தொட்டால் அதிகம். அந்த எடையில் பிளேடு கன்னிமண்ணைக் கடிக்காது, மேலே வழுக்கிக்கொண்டுதான் போகும். முதலில் ஐந்து கொத்துக் கலப்பையால் மண்ணை இளக்கிவிட்டு, அப்புறம் பிளேடால் இழுக்க வேண்டும். இளக்கு, இழு, இளக்கு, இழு. பொறுமை இருந்தால் நடக்கும். இன்னொன்று, டர்போ இல்லாத டீசல் இன்ஜின் 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். ஏற்காடு உயரத்தில் உங்கள் 24 ஹெச்.பி. 21க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

வெட்டும் முறை இது. மலை உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி ஓட்டுங்கள். பிளேடைத் தாங்கும் வலது லிஃப்ட் கையில் சுற்றுகிற கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றி பிளேடின் வலது மூலையை மட்டும் தாழ்த்துங்கள். அதே மூலை முன்னால் வரும்படி பிளேடைச் சாய்த்து வைத்தால், மூலை கீறிய மண் உருண்டு பள்ளத்துப் பக்கம் போய்விடும். முதல் ஓட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கீறல் விழும், அவ்வளவுதான். அடுத்த ஓட்டத்தில் வலது சக்கரத்தை அந்தக் கீறலுக்குள் இறக்குங்கள், வண்டி கொஞ்சம் நிமிரும். இப்படி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வண்டி நிமிர நிமிர, கீழே படிக்கட்டு மாதிரித் தளம் விழுந்திருக்கும். திரும்பி வரும்போது வெட்டாதீர்கள், சும்மா வாருங்கள்.

ஆனால் முதல் ஓட்டத்தில் வண்டி சாய்ந்துதான் போகும். 100 அடிக்கு 20 அடி இறங்குகிற சரிவுக்கு மேல் நான் வண்டியைக் குறுக்கே ஓட்ட மாட்டேன், நீங்களும் வேண்டாம். அந்த மாதிரி இடத்தில் முதல் வெட்டுக்கு மட்டும் மினி ஹிட்டாச்சி ஒரு நாள் பிடியுங்கள். பின்னால் வரும் சீர்செய்தலும் வருடாந்தரப் பராமரிப்பும் டிராக்டரிடம். வாடகைக்கு அழுது உயிரைப் பணயம் வைப்பதில் கணக்கே இல்லை.

அவரே மறுபடியும்: எவ்வளவு மண் வெட்ட வேண்டியிருக்கும்?

8 அடித் தடம், 100க்கு 30 அடிச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 8 அடியையும் மலைக்குள்ளேயே குடைந்தால் 100 அடி நீளத்துக்கு 960 கன அடி, அதாவது ஒன்பதரை யூனிட்டுக்கு மேல். பாதியை வெட்டி, வெட்டின மண்ணையே வெளிப்பாதியில் போட்டால் வெட்டு 240 கன அடி, இரண்டரை யூனிட்கூட இல்லை. பாதியாகக் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், கால்வாசி ஆகிறது. அதனால்தான் பாதி வெட்டு, பாதி நிரப்பு என்கிறோம். ஆனால் 100க்கு 50 அடியைத் தாண்டிய செங்குத்தில் நிரப்பின மண் நிற்காது. அங்கே முழு வெட்டு, அல்லது கல் அடுக்கு.

வெள்ளக்கடையிலிருந்து: எந்த வழியாகத் தடத்தைக் கொண்டுபோவது? கண் அளவு சரியாக வரமாட்டேன் என்கிறது. சர்வேயரைக் கூப்பிடணுமா?

மலையில் கண் பொய் சொல்லும். பின்னால் இருக்கிற குன்று சாய்ந்திருந்தால் ஏற்றம்கூட இறக்கமாகத் தெரியும். சர்வேயர் வேண்டாம், ரெண்டு மூங்கில் போதும்.

ரெண்டு கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு போட்டு, கால்கள் 2 மீட்டர் அகலமாக நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். உச்சியிலிருந்து நூலில் கல் கட்டித் தொங்கவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, கால்களை இடம் மாற்றி நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் ரெண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். மட்டப்பலகை ஆயிற்று. இனி ஒரு காலின் அடியில் 16 சென்டிமீட்டர் கட்டை வைத்துக் கட்டுங்கள். கட்டை வைத்த கால் பள்ளத்துப் பக்கம், மற்றது மேட்டுப் பக்கம். நூல் கோட்டில் நின்றால் அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே ஏற்றம் சரியாக 8 சதவீதம். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டே போங்கள். 300 அடிக்கு இரண்டு பேர் ஒரு காலையில் முடித்துவிடலாம்.

8 சதவீதத்தில் பழமூட்டை ஏற்றின டிரெய்லர் மழையிலும் ஏறும். 10 வரை சரி. 12ஐ ஓரிடத்தில், அதுவும் 50 அடிக்குள் என்றால் பொறுத்துக்கொள்வேன். கோடு போட்டு முடித்ததும் உடனே வெட்டாதீர்கள். பெரிய பாறை, நல்ல பலா மரம், ஊற்று இருக்கும் ஈரச் சதுப்பு இந்த மூன்றில் எது குறுக்கே வந்தாலும் திரும்பக் கீழே போய்க் கோட்டை மாற்றுங்கள். குச்சி பிடுங்கக் காசு ஆகாது.

கொட்டச்சேடு: வளைவு எவ்வளவு அகலம்?

நேரான தடம் 8 அடி. கொண்டை ஊசியில் டிரெய்லரோடு திரும்ப 16 முதல் 18 அடி. உள்ளதிலேயே தட்டையான இடமாகப் பார்த்து வளைவை வையுங்கள், வளைவுக்குள் ஏற்றத்தைப் பாதியாகக் குறையுங்கள். சேலத்திலிருந்து ஏறும்போது 20 வளைவு எண்ணிப் பழகிவிட்டோம், அதற்காக மூன்று ஏக்கரில் ஆறு வளைவு வேண்டாம். ஒவ்வொரு வளைவும் பத்துப் பன்னிரண்டு காபிச் செடியைத் தின்னும்.

நாகலூர்: போன வருடம் போட்ட தடம் ஐப்பசி மழையில் வாய்க்கால் ஆகிவிட்டது. நல்ல கிராவல் கொட்டியும் நிற்கவில்லை. எங்கே தப்பு?

கிராவலில் தப்பு இல்லை. தண்ணீருக்கு நீங்கள் வழி சொல்லவில்லை, அது உங்கள் தடத்தையே வழியாக எடுத்துக்கொண்டது. என் முதல் தடமும் இப்படித்தான் போயிற்று. காபிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் செட்டிலிருந்து கீழ்க்காட்டுக்கு நேர்கோடு, 250 அடி, 100க்கு 20 இறக்கம். குறுக்கு வழி கண்டுபிடித்த பெருமை வேறு. ஒரே ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரத் தடமும் இரண்டு ஓடை. முழங்கால் ஆழம். கரையோரச் செடிகள் வேர் தெரிய நின்றன. மண் மொத்தமும் களத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. களத்தை வழிக்க நான்கு நாள், அந்தத் தடத்தை மூட ஒரு வருடம்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, தடத்துக்குக் குறுக்கு வாட்டம். 8 அடி அகலத்துக்குப் பள்ளத்துப் பக்கம் 4 அங்குலம் தாழ்வாக இருந்தால் மழைநீர் சேராமல் அப்படியே பரவலாக வழிந்துவிடும். வெளிவரம்பில் பிளேடு விட்டுப்போன மண்மேடு இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள், அந்த ஒரு சாண் மேடுதான் தண்ணீரைத் தடத்துக்குள் சிறை வைக்கிறது. ஆனால் வெளிப்பக்கம் கிடுகிடு பள்ளமாக இருந்து, மண் களியாகவும் இருந்தால் வாட்டத்தை உள்பக்கம் மாற்றுங்கள். ஈரக்களியில் பாரவண்டி வெளிப்பக்கம் நழுவினால் பிடிக்க ஆளில்லை. அப்போது மலையோரம் வாய்க்கால் எடுத்து, ஆங்காங்கே ஹியூம் பைப் என்கிற சிமென்ட் குழாய் வைத்துக் கீழே கடத்த வேண்டும். சருகு அடைக்காத அளவுக்குப் பைப் பெரிதாக இருக்கட்டும். சில்வர் ஓக் இலை இருக்கிறதே, சின்ன பைப்பை ஒரே மழையில் மூடிவிடும்.

இரண்டாவது, தடத்தின் நீளவாக்கில் தண்ணீரை வெளியேற்றும் மடை. கூர்மையான வரப்பாகப் போட்டால் டிராக்டர் இரண்டே வாரத்தில் அழுத்திவிடும். 12 அடி நீளத்துக்குத் தாழ்ந்து எழும் அகலமான மேடுபள்ளமாக, தடத்துக்குக் குறுக்கே சுமார் 30 டிகிரி சாய்த்து அமையுங்கள். வண்டி படகு மாதிரி ஏறி இறங்கும், மேடும் கரையாது. 5 சதவீத இறக்கத்தில் 125 அடிக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 80 அடிக்கு ஒன்று, 15 என்றால் 60 அடிக்கு ஒன்று. தண்ணீர் விழும் வாயில் நாலு கூடை கல்லைப் போடுங்கள். அது பக்கத்துத் தோட்டத்துக்காரர் செடியில் போய் விழாமல் பாருங்கள், மலையில் பாதிச் சண்டை இதில்தான் ஆரம்பிக்கிறது.

ஓடையைக் கடக்க வேண்டுமா? பாலம் கட்ட ஆசைப்படாமல் கல் பாவிய தாம்போதி போடுங்கள். வெள்ளம் மேலே போகும், அரை நாள் காத்திருந்தால் வழி திறந்துவிடும்.

கருமந்துறை: நிரப்பின பக்கம் ஆறே மாதத்தில் சரிந்துவிட்டது. மேலே புல்கூட முளைத்திருந்தது.

அடியில் என்ன போட்டீர்கள்? வெட்டின செடி, வேர்க்கட்டை, சருகு எல்லாவற்றையும் சரிவில் தள்ளி அதன்மேல் மண்ணை மூடியிருந்தால் அது மட்கும்போது உள்ளே பொந்து விழும். பொந்தில் தண்ணீர் இறங்கினால் மேலே இருக்கிற புல் என்ன செய்யும்?

முழுதாகத் தோண்டி எடுத்துவிடுங்கள். சரிவின் அடியில் கெட்டிமண் வரும்வரை ஒரு படி வெட்டி, நிரப்பு மண் அந்தப் படியில் உட்காரும்படி செய்யுங்கள். பிறகு 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். டிராக்டர் சக்கரம் எட்டாத ஓரத்துக்குத் திமிசுக்கட்டை. ஈரம் முக்கியம்: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. இதனால்தான் வேலைக்கு நான் தையைச் சொல்கிறேன், வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும். சித்திரையில் மண் மாவாகிவிடும்.

முடித்ததும் ஓரத்தில் வெட்டிவேர், 5 அங்குலத்துக்கு ஒரு நாற்று, நெருக்கமாக. கல் அடுக்கினால் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு கல்லும் மலைக்குள் சாய்ந்து உட்காரட்டும், சுவரை ஊடுருவும் நீளக் கற்களை இடையிடையே வையுங்கள். சிமென்ட் பூசாதீர்கள், தண்ணீர் கசிய இடுக்கு வேண்டும்.

சேலத்திலிருந்து: அப்பாவுக்கு 64 வயது. வாழவந்திப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவர்தான் டிராக்டர் ஓட்டுகிறார். சொன்னால் கேட்பதில்லை. எதையாவது ஒன்றையாவது கேட்க வைக்க வேண்டும் என்றால் எதைச் சொல்வது?

தம்பி, ஒன்று என்றால் பிரேக் கொக்கி. வயலில் திரும்ப வசதியாக இடது, வலது பிரேக் தனித்தனியாக இருக்கும். இறக்கத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி அந்தப் பக்கமே சுழலும், பின்னால் டிரெய்லர் தள்ளும். மலைத்தடத்தில் இரண்டையும் இணைக்கும் கொக்கி எப்போதும் மாட்டியே இருக்கட்டும். நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிவிட்டு வாருங்கள்.

கேட்கிற மனநிலையில் இருந்தால் மிச்சத்தையும் சொல்லுங்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பாதியில் கிளட்ச் மிதிக்கக் கூடாது, நியூட்ரல் நினைப்பே வேண்டாம். இறங்கும்போதும் ஃபோர் வீல் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். கட்டை இழுக்கும் சங்கிலியை அடியில் உள்ள இழுவைப் பட்டையில் மட்டும் மாட்டணும். கலப்பையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் மேல் லிங்க்கில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி ஒரு நொடியில் பின்னால் கவிழும். தலைக்குமேல் பாதுகாப்பு வளையம் இருந்தால் பெல்ட் கட்டாயம். வளையம் இல்லாத பழைய வண்டியில் பெல்ட் போடக் கூடாது. மட்கார்டில் பேரனை உட்கார வைக்கிற பழக்கம் இருந்தால் அதற்கு மட்டும் சண்டையே போடலாம்.

செம்மநத்தம்: நடுவில் பெரிய கருங்கல். வெடி வைக்கலாமா?

உரிமம் இல்லாமல் வெடி கூடாது. கோட்டை மாற்றுங்கள். முடியாவிட்டால் துளை போட்டு ஆப்பு அடித்துப் பிளக்கிற கல்வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்னொருவர்: அனுமதி வாங்கணுமா?

மலை நிலத்தில் மரம் வெட்டும் முன்னும், இயந்திரம் இறக்கும் முன்னும், மண்ணை வெளியே ஏற்றும் முன்னும் தாலுகா ஆபீசிலும் வனத்துறையிலும் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்டா நிலம்தானே என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மஞ்சக்குட்டை நண்பரின் கடைசிக் கேள்வி: செங்குத்தான 40 அடி ஒன்று தப்பவில்லை. அங்கே மட்டும் கான்கிரீட் போடலாமா? அப்புறம், காட்டெருமை வெளிவரம்பை மிதித்து உடைக்கிறது.

சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் போடுங்கள், ஒவ்வொன்றும் 2 அடி, நடுவில் புல். காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடித்து வழுக்கும்.

காட்டெருமைக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. நாம் போட்ட 8 சதவீத ஏற்றம் அதற்கும் சுகமாக இருக்கிறது, வருகிறது. உடைந்த ஓரத்தை முதல் மழைக்குள் கட்டுங்கள். அந்த மழை பெய்யும்போதே குடையும் மண்வெட்டியுமாகத் தடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே மடையைத் தாண்டிப் போகிறது என்று அப்போதுதான் தெரியும். பார்த்த இடத்திலேயே இரண்டு வெட்டு வெட்டி வழி காட்டிவிட்டு வாருங்கள்.