சட்டம் கேளுங்கள்

கேள்வி: கொலைக்குத் தூக்கு என்று கறாராக எழுதிவிட்டால் என்ன? வயது, குடும்பம் எல்லாம் நீதிபதி ஏன் பார்க்க வேண்டும்?

பதில்: எழுதிப் பார்த்தாகிவிட்டது. ஆயுள் கைதி கொலை செய்தால் மரண தண்டனை மட்டுமே என்றது இந்திய தண்டனைச் சட்டம் 303-வது பிரிவு. திட்டமிட்டுக் கொன்றவருக்கும் கைகலப்பில் கொன்றவருக்கும் ஒரே கயிறு! மித்து வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இப்போது, குற்றவாளி எனத் தீர்மானித்தபின் தண்டனை பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். கோட்டைவிடுவது இங்கேதான். "ஏழை, கைக்குழந்தை இருக்கிறது" என்று ஒற்றை வரியோடு வக்கீல் உட்கார்ந்துவிடுவார். மரண தண்டனை வழக்கென்றால் சிறை நடத்தை, மனநல அறிக்கைகளை அரசுத் தரப்பிடமிருந்து நீதிமன்றம் பெற வேண்டும் என்கிறது மனோஜ் வழக்குத் தீர்ப்பு (2022). வக்கீல் அவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்.

குழந்தைகள் மீதான கடுமையான பாலியல் வன்கொடுமைக்கான போக்சோ சட்டத்தின் 6-வது பிரிவு வேறு. குறைந்தபட்சம் 20 ஆண்டு. அதற்குக் கீழே விசாரணை நீதிபதி இறங்க முடியாது.