வீட்டுக்குள்ள செடி வளக்க எந்த எல்இடி லைட்டு? வாசகர் கேள்விகளுக்கு பதில்

வெயில் படாத வீட்டுல கீரை வளக்குறத பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். மண்ணு, விதை பத்தியெல்லாம் அதிகம் வரல, முக்காவாசி கேள்வி லைட்டு பத்தி தான். அதனால இந்த தடவ முழுசா அதுக்கே பதில்.

கேள்வி: அக்கா, நாங்க பெரம்பூர்ல அபார்ட்மென்ட்ல மொத மாடி. ரெண்டு பக்கமும் பக்கத்து பில்டிங் ஒட்டி நிக்குது, பால்கனில வெயில் எட்டிக்கூட பாக்காது. சர்வீஸ் ஏரியால நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு இரும்பு ரேக் இருக்கு. அதுல புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை போடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆன்லைன்ல "1000 வாட் க்ரோ லைட்"னு ஒன்னு ரெண்டாயிரத்துக்குள்ள கெடைக்குது, வாங்கலாமா?

பதில்: வேணாம்மா. அந்த 1000ங்கிறது கரண்ட் இழுக்குற வாட்டே கெடையாது. உள்ள 100 சிப்பு இருக்கும், ஒவ்வொன்னும் 10 வாட் வகைன்னு வெச்சு பெருக்கி பெட்டில அச்சடிச்சிடுறாங்க. நெஜத்துல அந்த மாதிரி லைட்டு 100 வாட்டு சுமாருக்கு இழுக்கும், சிலது அதுலயும் பாதி தான். கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசி, லைட்டுக்கு பின்னாடி ஸ்டிக்கர்ல வோல்ட், ஆம்பியர் போட்டிருப்பான், ரெண்டையும் பெருக்குங்க. 230 வோல்ட், 0.2 ஆம்பியர்னு இருந்தா 46 வாட்டு, அவ்ளோ தான், பெட்டில 1000ன்னு இருந்தாலும் 2000ன்னு இருந்தாலும் சரி.

ஆனா சரியான வாட்ட கண்டுபிடிச்சாலும் பாதி கெணறு தான் தாண்டியிருக்கோம், ஏன்னா வாட்டுங்கிறது பில்லுல வர்ற கணக்கு, இலைல விழற வெளிச்சத்தோட கணக்கு இல்ல. லுமென்னும் நமக்கு முழுசா உதவாது, அது மனுஷ கண்ணுக்கு எவ்ளோ பளிச்சுன்னு தெரியுதுங்கிற அளவு, நம்ம கண்ணுக்கு பச்ச நிறம் தான் ரொம்ப பளிச்சுன்னு தெரியும், அதனால செவப்பும் நீலமும் அதுல கம்மியா எண்ணப்படும். செடிக்கு அலைநீளம் 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்கும், அதாவது நீலத்துல இருந்து செவப்பு வரைக்கும் உள்ள வெளிச்சம் மொத்தமும் வேணும். அத மைக்ரோமோல்னு அளக்குறாங்க. ஒரு சதுர மீட்டர் எடத்துல ஒரு செகண்டுக்கு எத்தன மைக்ரோமோல் விழுதுங்கிறது தான் பிபிஎஃப்டி. லைட்டு விக்கிறவன்கிட்ட கேக்க வேண்டிய ஒரே நம்பர் அது தான், அதுவும் "எத்தன அடி ஒயரத்துல, எவ்ளோ எடத்துக்கு"ன்னு சேத்து கேளுங்க. நட்ட நடுவுல மட்டும் அளந்து பெரிய நம்பர் போட்டுட்டு ஓரத்துல மூணுல ஒரு பங்கு கூட வராத லைட்டு நெறைய இருக்கு.

இப்ப உங்க ரேக்குக்கு வருவோம். பிபிஎஃப்டிய எத்தன மணி நேரம் லைட்டு எரியுதோ அதால பெருக்கி, 0.0036ஆல பெருக்குனா அந்த நாளைக்கு செடிக்கு கெடச்ச மொத்தம் மோல் கணக்குல வரும். 200 பிபிஎஃப்டில 14 மணி நேரம்னா 10. கீரை, புதினாவுக்கெல்லாம் 8ல இருந்து 12 இருந்தா நல்லா வரும். லெட்யூஸ்னா 12க்கு மேல இருந்தா தான் இல கனமா வரும். மொட்ட மாடி வெயில்ல நம்மூர்ல தெளிஞ்ச நாள்ல 30க்கு மேல கெடைக்கும், அந்த வித்தியாசத்த மனசுல வெச்சிக்கோங்க, வீட்டுக்குள்ள நாம கொடுக்குறது ரொம்ப கொஞ்சம்.

நாலுக்கு ஒன்றரைன்னா ஆறு சதுரடி, சுமார் 0.56 சதுர மீட்டர். அதுல 200 விழணும்னா 112 மைக்ரோமோல் இலைல வந்து சேரணும், சுத்தி சிந்துறதயும் கணக்கு பண்ணி லைட்டுல இருந்து 150 கெளம்பணும். நல்ல எல்இடி பார் ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் குடுக்கும், அப்ப 60 வாட்டுல உங்க வேல முடிஞ்சிடும். 60 வாட்டு! 1000 எங்க, 60 எங்க.

பட்ஜெட் கம்மின்னா நான் சொல்றது வேற. எலக்ட்ரிக்கல் கடைல டியூப் லைட்டு மாதிரி நாலடி எல்இடி பேட்டன் கெடைக்குது இல்ல, 20 வாட்டு, 2000 லுமென், அதுல நாலு வாங்கி ரேக்குக்கு மேல வரிசையா, இலைக்கு மேல அரையடில வர்ற மாதிரி கட்டுங்க. வெள்ள எல்இடில 1000 லுமென்னுக்கு 14, 15 மைக்ரோமோல் இருக்கும். நாலுக்கும் சேத்து 115 கிட்ட, அதுல இலைல 150 பிபிஎஃப்டி அளவுக்கு விழும். 14 மணி நேரத்துக்கு 8 கிட்ட வரும், புதினா, வெந்தயத்துக்கு போதும். நீளமான லைட்டுங்கிறதால ரேக்கு முழுக்க சமமா விழும், அது நடுவுல தொங்குற ஒத்த பேனல்ல வராது. கெட்டுப்போனா அடுத்த தெருவுல மாத்திக்கலாம். கீரைக்கு மட்டும்னு கேக்குற யாருக்கும் நான் மொதல்ல இத தான் சொல்லுவேன்.

கேள்வி: ஊதா கலர் லைட்டு தான் செடிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே மேடம், வெள்ள லைட்டுல செடி வளருமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நல்லாவே வளரும் சார். பச்சையம் செவப்பையும் நீலத்தையும் அதிகமா உறிஞ்சும், பச்சய திருப்பி அனுப்பும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், அத வெச்சு தான் செவப்பு சிப்பும் நீல சிப்பும் மட்டும் போட்டு ஊதா லைட்டு வந்துச்சு. அது அரகொற உண்மை. 1972லயே மெக்ரீங்கிற விஞ்ஞானி 22 பயிர் வகைய எடுத்து ஒவ்வொரு நிறத்துலயும் ஒளிச்சேர்க்கை எவ்ளோ நடக்குதுன்னு அளந்து வெச்சிருக்காரு, பச்ச வெளிச்சத்துலயும் கணிசமா நடக்குது. அது மட்டுமில்ல, மேல இருக்குற இலைய தாண்டி கீழ் இலை வரைக்கும் எறங்கிப்போறதும் பச்ச தான்.

வெள்ள எல்இடிங்கிறது உள்ளுக்குள்ள நீல எல்இடி தான், மேல பாஸ்பர் பூச்சு பூசியிருக்கும், அந்த நீலத்துல ஒரு பகுதிய அது மஞ்சளாவும் செவப்பாவும் மாத்தி விடும். அந்த நீல எல்இடிய உருவாக்குனதுக்கு தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூணு பேருக்கும் 2014ல பிசிக்ஸ் நோபல் பரிசு குடுத்தாங்க. வீட்டு லைட்டு, டிவி, போன்னு ஒலகம் பூரா வெள்ள எல்இடி தேவைப்பட்டதால அதோட திறன் ஏறிக்கிட்டே போச்சு, வெலையும் எறங்கிடுச்சு, அதனால இன்னைக்கு ஊதா வாங்க காரணமே இல்ல. விண்வெளி நிலையத்துல நாசா வெச்ச வெஜ்ஜி பெட்டி கூட பாக்க ஊதாவா தான் இருக்கும், ஆனா அதுலயும் பச்ச எல்இடி சேத்து தான் வெச்சிருக்காங்க. 2015 ஆகஸ்ட்ல விண்வெளி வீரர்கள் சாப்பிட்ட செவப்பு லெட்யூஸ் அதுல வெளஞ்சது தான்.

இன்னொன்னு, எனக்கு இது தான் பெரிய விஷயம். ஊதா வெளிச்சத்துல இல மஞ்சளாவுறது தெரியாது, அசுவினி வந்தா தெரியாது. தெனமும் செடிய பாக்கறது தானே தோட்டம், பாக்கவே முடியாத லைட்ட போட்டு என்ன செய்ய? பெட்டில 6500கே, 4000கேன்னு போட்டிருக்கறது வெள்ளையோட சாயல சொல்ற கெல்வின் நம்பர், கீரைக்கு எதுவா இருந்தாலும் ஓகே. பூ, காய் வேணும்னா 3000கே வெள்ளையோட 660 நானோமீட்டர் செவப்பும் கலந்தது வாங்குங்க.

கேள்வி: அக்கா, நாங்க டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோல இருக்கோம். கறிவேப்பிலை மரம் ஒன்னு தொட்டில, கோடைல வெளில நல்லா தளதளன்னு இருக்கு, உள்ள கொண்டு வந்ததும் டிசம்பருக்குள்ள மொட்டையாயிடுது. ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட க்ரோ லைட் பல்பு வாங்கிட்டு வர சொல்லலாமா?

பதில்: ஊர்ல இருந்து வேணாம் தம்பி. இங்க பல்பு பின் வெச்ச பி22, அங்க மரை வெச்சு திருகுற இ26 ஹோல்டர், போதாததுக்கு இங்க 230 வோல்ட், அங்க 120. அங்கயே வாங்குங்க.

கறிவேப்பிலை மொட்டையாவுறத பாத்து செத்துப்போச்சுன்னு தூக்கி போட்ற வீடு நெறைய, தயவு செஞ்சு போட்றாதீங்க. தண்ட நகத்தால லேசா கீறி பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிரோட தான் இருக்கு. டிசம்பர்ல உங்க ஊர்ல பகலே சுமார் ஒம்பது மணி நேரம் தான், சூரியன் தாழ்வா வேற போகும், மேகமூட்டம் வேற. தெக்கு பாத்த ஜன்னல்ல வெச்சாலும் பத்தாது. நெஜமாவே 30, 40 வாட்டு இழுக்குற ஒரு வெள்ள எல்இடி பேனலோ பாரோ வாங்கி, செடியோட நுனிக்கு மேல ஒரு அடி தள்ளி தொங்க விட்டு, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிய விடுங்க. செடி ஒயரமா இருந்தா மேல இருக்குறது மட்டும் வெளிச்சம் வாங்கிட்டு அடில கொட்டும், அதனால இலையுதிர் காலத்துல உள்ள கொண்டு வரும்போதே நுனிய வெட்டி கட்டையா ஆக்கிடுங்க, வெட்டுனது கொழம்புக்கு ஆச்சு.

லைட்டு மட்டும் போதாது. 15 டிகிரிக்கு கீழ போனா கறிவேப்பிலை வளர்றத நிறுத்திடும், வேரும் தண்ணி குடிக்காது, அப்ப வாடிருச்சேன்னு தண்ணிய ஊத்துனா வேர் அழுகிடும். குளிர்காலத்துல இத கொல்றது பெரும்பாலும் தண்ணி தான். மேல் மண்ணு ரெண்டு இஞ்ச் காஞ்சப்புறம் ஊத்துங்க, ஜன்னல் கண்ணாடில ஒட்டி வைக்காதீங்க. ஹீட்டர் போட்ட வறண்ட காத்துல செஞ்சிலந்தி வரும், வாரம் ஒரு தடவ இலைக்கு அடியில தண்ணி பீச்சி கழுவுங்க. மே பிற்பாதில உங்க ஊர் லீவு நாளான விக்டோரியா டே வந்ததும் அவசரப்பட்டு நேரா வெயில்ல வைக்காதீங்க, ஒரு வாரம் நெழல்ல வெச்சு பழக்குங்க, உள்ள பாத்த வெளிச்சத்த விட வெளி வெயில் பல மடங்கு, இல வெளுத்து கருகிடும்.

கேள்வி: போன்ல ஆப் வெச்சு வெளிச்சத்த அளக்க முடியுமா? — மதுரை வாசகி

பதில்: லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர்ல எத்தன லுமென் விழுதுன்னு காட்டுற ஆப் ஓரளவுக்கு வழி காட்டும். வெள்ள எல்இடின்னா வர்ற லக்ஸ 70ஆல வகுங்க, அது தான் பிபிஎஃப்டி. 14,000 லக்ஸ்னா 200. வெயில்னா 54ஆல வகுக்கணும். ஊதா லைட்டுக்கு இந்த கணக்கு சுத்தமா ஒத்துவராது. போனுக்கு போன் சென்சார் மாறும், அதனால நாலு மூலைலயும் நடுவுலயும் வெச்சு எங்க கம்மின்னு ஒப்பிட்டு பாக்கறதுக்கு அத வெச்சிக்கோங்க, அந்த வேலைக்கு ரொம்ப உபயோகம். ஆப்ப விட செடியே நல்லா சொல்லும், தண்டு நீண்டு நோஞ்சானா சாஞ்சா வெளிச்சம் பத்தல, மேல் இல வெளுத்து ஓரம் சுருண்டா லைட்ட ஒரு சாண் ஏத்துங்க.

கேள்வி: மொளகாவும் தக்காளியும் ஹால்ல எல்இடி போட்டு வளக்கலாமா? வீட்டுக்கு மொட்ட மாடி இருக்கு, ஆனா ஏறி எறங்க சோம்பேறித்தனம். — திருச்சி வாசகர்

பதில்: மாடி ஏறுங்க சார். காய்க்குற செடிக்கு ஒரு நாளைக்கு 20 மோலுக்கு மேல வேணும், அதாவது 400 பிபிஎஃப்டில 14 மணி நேரம். ஆறு சதுரடிக்கே 120 வாட்டு ஆகும். அத 14 மணி நேரம் ரெண்டு மாசம் எரிச்சா நூறு யூனிட். தலைக்கு மேல சும்மா கொட்டுற வெயில விட்டுட்டு அந்த பில்ல கட்டி தக்காளி பறிக்கறதுல எனக்கு துளியும் சம்மதமில்ல. வெத மொளச்சு ரெண்டு, மூணு வாரம் நாத்த லைட்டுல வெச்சு காப்பாத்தறது சரி, மழ நேரத்துல அது நல்ல வழியும் கூட, அப்புறம் மாடிக்கு போகட்டும்.

பெரம்பூர் அம்மாவும் இத பாத்துக்கோங்க, நாலு டியூப் 80 வாட்டு, 14 மணி நேரம்னா ரெண்டு மாச பில்லுல 67 யூனிட் கூடும். ஏற்கனவே 500 யூனிட்ட ஒட்டி போற வீடுன்னா அதனாலயே ஸ்லாப் ரேட்டு ஏறிடும், அப்ப ரேக்குல பாதிய மட்டும் நடுங்க, ரெண்டு டியூப்ப மட்டும் போடுங்க.

கேள்வி: ராத்திரி பகலா லைட்ட எரிய விட்டா சீக்கிரம் வளருமா? எங்க வீட்டு கொத்தமல்லி லைட்டுல வெச்சதும் இல வராம பூ பூத்துடுச்சு. ரேக்குல கை வெச்சா லேசா ஷாக்கும் அடிக்குது. — புதுச்சேரி வாசகி

பதில்: ஷாக்குக்கு மொதல்ல பதில். இத படிச்ச ஒடனே மெயின ஆஃப் பண்ணிட்டு பிளக்க புடுங்குங்க, எலக்ட்ரீசியன் பாக்குற வரைக்கும் அந்த ரேக்க தொடாதீங்க. லைட்டோட பாடிக்கும் இரும்பு ரேக்குக்கும் எர்த் குடுக்க சொல்லுங்க, அந்த லைனுக்கு கரண்ட் கசிஞ்சா தானா அணைக்குற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போட சொல்லுங்க. தண்ணி தெளிக்கிற எடத்துல, தண்ணி பீச்சினாலும் உள்ள போகாத ஐபி65 லைட்டு தான் போடணும். லைட்டுக்கு கரண்ட மாத்தி குடுக்குற டிரைவர் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் செடிக்கு கீழ இருக்கக்கூடாது, வயர் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறணும், அப்ப தான் வயர் வழியா வழியுற தண்ணி அங்கயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது. தண்ணி ஊத்தும்போது சுவிட்ச்ச அணைச்சிட்டு ஊத்துங்க.

கொத்தமல்லி பூத்ததுக்கு காரணம் நீண்ட பகலும் சூடும் தான். பகல் நீண்டா வெத வைக்குற காலம் வந்துடுச்சுன்னு எடுத்துக்குற செடி அது. அதனால ராத்திரி பகலா எரிய விடாதீங்க, கொத்தமல்லிக்கு மட்டும் 12 மணி நேரத்துல நிறுத்துங்க, ஒரு டைமர் பிளக் போட்டா மறக்காது, டியூபுக்கும் இலைக்கும் நடுவுல சின்ன ஃபேன் காத்து ஓடட்டும். பூத்தத புடுங்கி போட வேணாம், வெத முத்தட்டும். தனியாவ ரெண்டா ஒடச்சு ஒரு ராத்திரி ஊற வெச்சு மறுபடி வெதைக்கலாம், ஆனா எர்த் வேல முடிஞ்சப்புறம் தான்.