வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல் உண்மையில் உண்டா?

வெள்ளத்தைத் தாங்கும் ‘சப் 1’ நெல் மரபணு மாற்றப் பயிரா, அதை நம்பிச் சம்பா நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணு மாற்றப் பயிர் அன்று. தாழ்வான வயலுக்கு நம்பி நடலாம், ஆனால் அதன் எல்லையை அறிந்து நட வேண்டும். நாகை மாவட்டத்தில் வடிகால் ஓரத்து நிலத்தில் சம்பா செய்யும் குடும்பம் எங்களுடையது.

வெள்ளத்தைத் தாங்கும் குணம் ஒடிசா உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்ட நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் வெள்ளத்தைத் தாங்கினாலும் விளைச்சல் குறைவு. அதன் தாங்குதிறன் பெரும்பாலும் 9ஆம் குரோமோசோமின் ஒரே இடத்தில் இருப்பது 1996இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான மரபணு சப்1ஏ என்பது 2006இல் வெளியானது. எந்தச் செடியில் அந்த மரபணு இருக்கிறது என்று அடையாளம் பார்த்துப் பார்த்து இனக்கலப்பு செய்து, உழவர்கள் ஏற்கெனவே விரும்பும் ரகங்களுக்குள் அந்த ஒரு துண்டை மட்டும் கொண்டுவந்தார்கள். ஸ்வர்ணா என்ற ரகத்தில் அதைச் சேர்த்த ஸ்வர்ணா சப் 1, 2009இல் இந்தியாவில் வெளியானது. நம் பகுதிக்கு சி.ஆர். 1009 சப் 1 வந்தது.

சாதாரணப் பயிர் மூழ்கியதும், தண்ணீருக்கு மேலே தலைகாட்டிவிட வேண்டும் என்று சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து விறுவிறுவென நீளும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும். சப்1ஏ உள்ள பயிரோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, அந்தச் சத்தைக் காத்து, வெள்ளம் வடிந்தபின் புதிதாகத் துளிர்க்கிறது. ஏறத்தாழ 2 வாரம் வரை தாங்கும். ஒடிசாவில் உழவர்களின் வயல்களிலேயே நடந்த ஆய்வில், 10 நாள் மூழ்கிய நிலையில் ஸ்வர்ணாவைவிட ஸ்வர்ணா சப் 1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. தாழ்வான நிலங்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் இருப்பதால் பயன் அவர்களுக்கே அதிகம் என்றும் அதே ஆய்வு கூறியது. இந்த ஆராய்ச்சியை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவே முதல் காரணம்.

இனி எல்லைகள். நடவுக்குப் பின் தூர் கட்டி வளரும் பருவத்தில் முழுதாக மூழ்கினால்தான் இந்தக் குணம் உதவும். நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே தண்ணீர் கட்டினாலோ, கதிர் வந்தபின் மூழ்கினாலோ, முழங்கால் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினாலோ இதை நம்ப முடியாது. ஆகவே வடிகால் தூர்வாருவதற்கு இது மாற்றாகாது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். வெள்ளம் வடிந்த மறுநாள் வயல் முழுதும் வண்டல் பூசிப் பழுப்பாகக் கிடக்கும். பார்த்தவுடன் மனம் உடைந்து உழுதுவிடத் தோன்றும். எங்கள் வயலில் ஒருமுறை அப்படித்தான் அவசரப்பட்டு ஒரு பாத்தியை அழித்தோம். அழிக்காமல் விட்ட அடுத்த பாத்தி பின்னர் துளிர்த்தது. குனிந்து அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கி நாற்றமடித்தால் அந்தத் தூர் போயிற்று. கெட்டியாக இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள், நடுக்குருத்து வெளிவரும். அதைக் கண்டபின் மேலுரம் இடுங்கள்.