ஸ்டூலும் மணியும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 43. அரசு அலுவலகம் ஒன்றில் அலுவலக உதவியாளர். போன மாதம் பிரஷர் 160/100 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். சிரிப்புதான் வந்தது. கோப்பு தூக்குகிற எனக்கு என்ன டென்ஷன்? பொறுப்பெல்லாம் அதிகாரி தலையில். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குக் குடி, சிகரெட் கிடையாது. யாரோடும் ஒட்டுவதில்லை, மதியச் சாப்பாடுகூடத் தனியாகத்தான். மூச்சுப்பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

செ.

அன்புள்ள செ,

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், செய்யுங்கள். சரி, அதை விடுங்கள்.

'கோப்பு தூக்குகிற எனக்கு என்ன டென்ஷன்?' இரண்டு நாளாக இந்த வரியோடு மல்லுக்கு நிற்கிறேன். இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதிகாரியா?

லண்டனில், வைட்ஹால் ஆய்வு என்று பெயர், 1967இல் தொடங்கி சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல வருடம் கவனித்தார்கள். யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. வைத்தியமும் இலவசம். பெரிய நாற்காலிக்காரர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது அன்றைய பேச்சு. கணக்கு நேர்மாறாக வந்தது. வாயிற்காவலர், தபால் சுமப்பவர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதயநோயில் செத்தது, உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் மைக்கேல் மார்மோட் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு பெண்களையும் சேர்த்து 10,308 பேரை எடுத்துக்கொண்டது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்கு ஒரு சொல்லும் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று கண்டது.

புரிகிறதா? அதிகாரிக்கும் வேலை இருக்கிறது. ஆனால் மணியை அடிப்பது அவர், எழுவது நீங்கள். நாய் துரத்தினால் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், ஓடித் தப்பியதும் அடங்கிவிடும். எந்த நிமிடம் மணி அடிக்குமோ என்று உட்கார்ந்திருப்பவனுக்கு ஓட்டமும் இல்லை, அடங்குவதும் இல்லை.

என் அப்பா முப்பது வருடம் ஓர் அறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். ஒன்றுக்குப் போயிருக்கும்போது மணி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்கமாட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தம்ளரை எடுத்துக் கொடுக்கவும் உள்ளேயிருந்து மணி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாத்திரம் உரசினால்கூட பாதி எழுந்துவிட்டு உட்காருவார். நானும் தம்பியும் வேண்டுமென்றே ஸ்பூனால் தம்ளரைத் தட்டி அவரை எழவைத்து விளையாடியிருக்கிறோம். அவரும் சிரிப்பார். அந்த விளையாட்டை இப்போது நினைத்தால் கை கூசுகிறது. 46 வயதில் அவருக்கும் பிரஷர் வந்தது.

இருந்தும் எண்பதைத் தாண்டினார். காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கம்பக்கத்து அலுவலக ஸ்டூல்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடுவார்கள். ஆளுக்கொரு அதிகாரியாக நடித்துக் காட்டுவார்கள். அப்பா மணி அடிக்கிற விதத்தை மட்டுமே ஐந்து வகையாகச் செய்வார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

நீங்களோ தனியாகச் சாப்பிடுவதைச் சிகரெட் பிடிக்காததோடு சேர்த்து நல்ல பழக்கமாக எழுதியிருக்கிறீர்கள். புத்தி இருக்கிறதா ஐயா உங்களுக்கு? கலிஃபோர்னியாவில் அலமீடா என்ற மாவட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேரை ஒன்பது வருடம் பின்தொடர்ந்தார்கள். 1979இல் வெளிவந்த முடிவு: உறவும் நட்பும் குறைந்தவர்கள், அவை நிறைந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இறந்தார்கள். புகை, குடி எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடும் இடத்துக்குப் போங்கள். என்ன குழம்பு என்று கேளுங்கள். உங்கள் அதிகாரி மணி அடிப்பதை நடித்துக் காட்ட அங்கே ஒருவராவது இருப்பார்.