பத்து மில்லிமீட்டரில் மூன்றுசுழி ‘ண’: அக்ரிலிக் எழுத்து கேள்வி பதில்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருக்கிறேன். தைப்பூசக் காவடி நெருங்கினால் கோயில் உபயதாரர் பலகைகள் குவியும், கூடவே கேள்விகளும். வந்தவற்றில் சில.

திரியோலே, கோயில் செயலாளர்: ஐயா, 10 மி.மீ. உயரத்தில் பெயர்கள். 3 மி.மீ. அக்ரிலிக் தாளில் லேசர் வெட்டியபோது ‘ண’ எல்லாம் நெளிந்து, சுழிகள் உருகிவிட்டன. இயந்திரம் பழுதா?

இயந்திரத்தைத் திட்டாதீர்கள் ஐயா, தாள்தான் தடிமன். எழுத்துக் கோடு தாளின் தடிமனைவிடக் குறுகக் குறுகத் தொல்லை கூடும் என்பது என் கணக்கு. 10 மி.மீ. ‘ண’வில் கோடு ஒரு மி.மீ. வந்தாலே அதிகம். வெட்டும் பாதைக்கென்று லேசர் சுமார் 0.2 மி.மீ. தின்றுவிடும், இருபுறமும் பாதி பாதி போனால் மிச்சம் 0.8. போதாக்குறைக்கு, கதிர் சுழிக்குள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. 105 பாகை செல்சியஸ் வாக்கில் இளகிவிடும் பொருள் வேறென்ன செய்யும்?

2 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய தாள் எடுங்கள். வார்ப்புத் தாளாக, அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். பிதுக்கித் தயாரிக்கும் மலிவுத் தாள் எளிதில் உருகி ஒட்டிக்கொள்ளும். வெளிக்கோட்டை 0.1 மி.மீ. வெளியேயும், சுழியின் கோட்டை அதே அளவு உள்ளேயும் தள்ளி வரையுங்கள். சுழிகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். முறை மாறினால் எழுத்து கழன்று நகர்ந்துவிடும். பிறகு சுழி தோளில் போய் உட்காரும்.

கத்ர் போர்ன், தமிழாசிரியை: ஐயா, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் தொலைந்துபோகின்றன.

அம்மா, அவை இயந்திரத்தில் தாளைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டின் அறைகளுக்குள் விழுந்திருக்கும். நானும் ஒருநாள் சாமணத்தோடு தரையில் தவழ்ந்து பதினோரு புள்ளி பொறுக்கினேன். இப்போது புள்ளிகளை லேசரில் வெட்டுவதே இல்லை. 2 மி.மீ. அக்ரிலிக் கம்பியை மெல்லிய வில்லைகளாக நறுக்கிவிடுகிறேன். ‘கல்’லைக் ‘கல’வாக்கிவிட்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்க முடியாதல்லவா!

எழுத்துகளை வெட்டியபின் மிஞ்சும் துளைத் தாளை எறிந்துவிடாதீர்கள். பலகைமேல் அதை வைத்து, அந்தந்தத் துளைக்குள் எழுத்தை இறக்கி ஒட்டினால் இடைவெளி பிசகாது. ஒட்டியதும் தாளைத் தூக்கிவிடலாம்.

மாயேபூர், மாணவர்: அண்ணா, என்னிடம் சிறிய நீலக் கதிர் லேசர் இருக்கிறது. நிறமற்ற தாளில் கீறல்கூட விழவில்லையே?

விழாது தம்பி. அந்த ஒளி நிறமற்ற அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும். கருப்புத் தாள் என்றால் ஓரளவு வெட்டும். மற்றதற்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான்.

அதே மாணவர்: வீட்டில் கிடக்கும் பி.வி.சி. தாளைப் போடலாமா?

கூடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். உன் மூச்சுக்குழாயையும் லேசரின் கண்ணாடியையும் சேர்த்தே அரித்துவிடும்.

போர்ட் லூயிஸ், கடைக்காரர்: நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் அவ்வளவு பொடியாக இருக்கிறதே, அப்படி வெட்டித் தர மாட்டீர்களா?

நோட்டில் இருப்பது மை, ஐயா. மைக்குத் தாள் முதுகு கொடுக்கிறது. வெட்டிய எழுத்து தன் கோட்டை நம்பித்தான் நிற்க வேண்டும். (அந்தத் தமிழ் வரிக்கும் தனிக் கதை உண்டு. 1998-இல் அது இந்திக்குக் கீழே இறங்கிய புதிய நோட்டுகள், எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன.) 6 மி.மீ.க்குக் கீழே தமிழை நான் வெட்டித் தருவதில்லை. இருநிற அடுக்குத் தாளில் செதுக்கித் தருகிறேன். மேல் நிறம் போய் அடிநிறத்தில் எழுத்து தெரியும். சுழியும் பிழைக்கும், புள்ளியும் பிழைக்கும், உங்கள் காசும் மிஞ்சும்.

ரோஸ் ஹில், வாடிக்கையாளர்: துடைத்து வைத்த எழுத்தில் மறுநாள் முடிபோல் வெடிப்பு. ஏன்?

ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ போட்டிருப்பீர்கள். லேசர் பட்ட ஓரத்தில் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அது வெடிப்பாக வெளிப்படும். நானே ஒருமுறை பளபளப்புக்கு ஆசைப்பட்டு, காவடிக்கு முதல் நாள் இரவு ஒரு பலகை முழுவதையும் அப்படித் துடைத்துவைத்தேன். விடிந்து பார்த்தால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் வெள்ளை நரம்பு ஓடியிருந்தது. மாலைக்குள் மீண்டும் வெட்டினேன். அன்றிலிருந்து சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும்தான்.